கதையில் கரடி நண்பன், வீட்டில் கரடி பயம்: இந்தப் படப் புத்தகத்தை வகுப்பில் வைத்துக்கொள்ளலாமா?

தேயிலைமேடு டீச்சர் (கோத்தகிரி பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். 1, 2, 3 என மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் நடத்துகிறேன். மொத்தம் 17 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் படுகு பேசுகிறவர்கள். இரண்டு பேர் இருளர் பிள்ளைகள். மற்றவர்கள் தோட்ட வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள்.

கோடை விடுமுறையில் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தேன். கரடி, முயல், ஆமை, காகம் நான்கும் நண்பர்கள். பெருமழை பிடித்துக்கொள்கிறது. ஆளுக்கொரு உதவி செய்து எல்லோரும் ஒரு குகைக்கு வந்து சேர்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் கரடி மல்லாந்து படுத்திருக்க, மற்ற மூன்றும் அதன் வயிற்றின் மேல் தூங்குகின்றன. பக்கத்துக்கு ஒரே வரி, பெரிய எழுத்து. அரும்பு நிலையில், அதாவது எழுத்துகளை இப்போதுதான் பழகும் படியில், இருக்கும் பிள்ளையும் விரல் வைத்துப் படித்துவிடலாம். அதற்காகத்தான் வாங்கினேன்.

போன வாரம் வாசித்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து பின்சுவர் வரை போய் முதுகை ஒட்டி நின்றுகொண்டான். அழவில்லை. போன டிசம்பரில் அவனுடைய பெரியப்பாவைத் தேயிலைக் காட்டில் கரடி தாக்கியது. முகத்தில் தையல். எனக்கும் தெரிந்த செய்திதான். புத்தகம் வாங்கும்போது அது நினைவுக்கு வரவே இல்லை. என் தவறு.

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அந்த முயல் ஏன் ஓடவில்லை டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி இன்னொன்று சொன்னாள். "இது கரடியே இல்லை டீச்சர். நெஞ்சில் வெள்ளைக் கோடு இல்லை." பார்த்தேன். உண்மைதான். புத்தகத்தில் இருப்பது வேறு தேசத்துப் பழுப்புக் கரடி.

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடட்டுமா? முடிவை மாற்றிச் சொல்லட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அந்தப் பையன் நின்ற இடம் கண்ணை விட்டுப் போகவில்லை.

---

பழைய தலைமையாசிரியர் (குந்தா)

பூட்டாதீர்கள் அம்மா. பூட்டினால் அந்தப் பையனுடைய கேள்வியையும் சேர்த்துப் பூட்டியதாக ஆகிவிடும்.

"அந்த முயல் ஏன் ஓடவில்லை?" இதைவிட நல்ல கேள்வியை முப்பது ஆண்டு வகுப்பறையில் நான் கேட்டதில்லை. இந்தக் கேள்வி புதிதும் அல்ல. பஞ்சதந்திரத்தில் சுகிர்லாபம் என்ற பகுதியில் காகம், எலி, ஆமை, மான் நான்கும் நண்பர்களாகும் கதை வருகிறது. தாண்டவராய முதலியார் தமிழில் தந்த பஞ்சதந்திரம் 1826-இல் அச்சானது. அன்று முதல் நம் பிள்ளைகள் படித்து வரும் கதை. வலை அறுபட்டு மான் தப்பிப்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். அதற்கு முன்னால் நடப்பதை மறந்துவிட்டோம்.

காகம் எலியின் வளைக்கு வந்து நட்பு கேட்கிறது. எலி வெளியே வரவில்லை. "நீ என்னைத் தின்கிறவன், நான் உனக்கு இரை. நமக்குள் நட்பு எப்படி?" என்று உள்ளே இருந்தே கேட்கிறது. காகம் கோபித்துக்கொள்ளவில்லை. நீ வளைக்குள்ளேயே இரு, நான் வாசலில் இருக்கிறேன், பேசிக்கொண்டிருப்போம் என்கிறது. நம்பிக்கை வந்த பிறகுதான் எலி வெளியே தலை காட்டுகிறது.

உங்கள் பையன் கேட்டதும் எலி கேட்டதும் ஒரே கேள்வி. இதை அவனிடம் சொல்லுங்கள். பயந்தவன் கோழை இல்லை, கதைக்குள் இருக்கும் அறிவாளியும் அவனைப் போலவேதான் கேட்டான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

---

பந்தலூர் ஆசிரியை

ஐயா, உங்கள் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் பக்கம் யானை, சிறுத்தை. பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் சாணம் ஈரமாக இருக்கிறதா, ஆவி பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் யானைக்குட்டியும் ஒரு சிறுவனும் நண்பர்களாகும் கதை ஒன்றை வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்தது. பத்து நாள்கூட ஆகவில்லை. சத்துணவுக்கூடத்தின் பின்புறம் யானை வந்து நின்றபோது, முதல் வகுப்புச் சிறுமி வாழைப்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பிவேலி அருகே போய்விட்டாள். சமையல் அக்கா ஓடிப்போய்த் தூக்கி வந்தார். யானை தானாகத் திரும்பிப் போனது. அன்று முழுக்க என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நகரத்துப் பிள்ளைக்குக் கரடி ஒரு பொம்மை. நம் பிள்ளைக்கு அது பக்கத்து வீடு. ஒரே புத்தகத்தை இருவருக்கும் கொடுக்க முடியாது. நான் அந்தப் புத்தகத்தை அன்றே பள்ளியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

---

வேட்டைத்தடுப்புக் காவலர் (மசினகுடி)

டீச்சர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. என் மகளும் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சிறுமி சொன்னது முழுக்கச் சரி. நம் கரடிக்கு உடம்பு முழுக்கக் கறுப்புச் சடை, நெஞ்சில் வெளிறிய வளைவு ஒன்று. மேல்வரிசை முன்பற்களில் நடுவில் இரண்டு இருக்காது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சித் தின்னும். உறிஞ்சும்போது மண் ஏறாமல் மூக்குத் துளையை மூடிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற பழக்கமும் நம் கரடிக்குக் கிடையாது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு குட்டிகள் சடையைப் பிடித்துக்கொண்டு தொங்கின, தாய் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் வாயைத் திறந்தபடி கேட்பார்கள்.

அது ஏன் தாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் கண்பார்வை மந்தம், காதும் அவ்வளவு கூர்மை இல்லை, மூக்குதான் எல்லாம். தலையைக் குனிந்து தின்றுகொண்டிருக்கும்போது நாம் திடீரென்று அருகில் போய்விட்டால் பயந்து பாய்கிறது. அதனால்தான் தேயிலைப் பாதையில் நாலு பேர் சேர்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு போகச் சொல்கிறோம்.

இன்னொன்று. காட்டில் நட்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதுமலையில் சாம்பல் மந்தி மரத்தில் இருந்தால் கீழே புள்ளிமான் நிற்கும். மந்தி பாதி தின்று போடுகிற தழையையும் காயையும் மான் தின்னும். மேலே இருக்கிற மந்திக்குப் புலி வருவது முதலில் தெரியும், குரல் கொடுக்கும், மான் உஷாராகிவிடும். மானுடைய மூக்கும் காதும் மந்திக்கு உதவும். காட்டெருமை முதுகில் மைனா உட்கார்ந்து உண்ணி பொறுக்கும். இவை ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு தூங்குவதில்லை. அது அது அதனதன் இடத்தில் நிற்கிறது.

அப்புறம், நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லிலோ உண்ணிச்செடிப் புதரிலோதான் படுத்திருக்கும்.

---

ஹட்டிப் பெண் (கூக்கல் அருகே)

எல்லோரும் கரடியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மொழியைப் பற்றிச் சொல்கிறேன்.

டீச்சர், உங்கள் வகுப்பில் பாதிப் பேர் படுகப் பிள்ளைகள் என்றீர்கள். புத்தகத்தை அவர்கள் முதலில் எந்த மொழியில் பேசினார்கள்? நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது புத்தகத்தில் எருமைப் படம் இருந்தது. "எம்மெ" என்றேன். தவறு என்று தலையில் குட்டு விழுந்தது. வீட்டுக் கொட்டிலில் நாலு எம்மெ நிற்கின்றன. பள்ளியில் அதற்குப் பெயர் சொல்லத் தெரியாதவள் ஆனேன். அந்த ஆண்டு முழுக்க நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ஆகையால் முதல் நாள் எழுத்தைத் தொடவே தொடாதீர்கள். படத்தை மட்டும் திருப்புங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியில் அந்த விலங்கின் பெயரைச் சொல்லட்டும். கரும்பலகையில் தமிழ் எழுத்திலேயே எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். இருளர் பிள்ளைகள் இரண்டு பேர்தானே என்று அவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காட்டு விலங்குகளைப் பற்றி அந்த வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவர்கள் அவர்களாக இருக்கலாம். அந்த ஒரு மணி நேரமாவது அவர்கள் முன்னால் நிற்கட்டும்.

---

சோலைக்குருவி (குன்னூர்)

தெப்பக்காடு யானை முகாமை யாரும் சொல்லவில்லையே. பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்தார்கள். அதைப் பற்றிய ஆவணப்படத்துக்கு 2023-இல் ஆஸ்கர் கிடைத்தது. மனிதனும் விலங்கும் நட்பாக முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கும்போது பிள்ளைகளை ஏன் பயமுறுத்த வேண்டும்?

---

வேட்டைத்தடுப்புக் காவலர் (மசினகுடி)

அக்கா, அது பெரிய விஷயம்தான். எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர்கள் காட்டுநாயக்கர்கள். காட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள். தாயை இழந்த குட்டியை இரவும் பகலும் பக்கத்திலேயே படுத்து வளர்த்தார்கள். முகாமில் ராகிக் களி, கொள்ளு, வெல்லம் எல்லாம் எடை போட்டு, உருண்டை பிடித்து, நேரம் தவறாமல் ஊட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அதைக் காட்டுங்கள். அந்த நட்புக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். வேலிக்கு அப்பால் நிற்கிற யானை வேறு, முகாம் யானை வேறு. இதைப் பிரித்துச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

---

தாண்டிக்குடி வாத்தியார் (பழனி மலை)

நாங்கள் பழனி மலைக்காரர்கள். எங்களுக்குக் காட்டெருமை. கொடைக்கானல் சாலையில் அது நின்றால் வெளியூர்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்கிப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். பந்தலூர் டீச்சருடைய கவலை எனக்கும் உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு, சிறிய விஷயம். டீச்சர், புத்தகத்தை எப்படிப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறீர்கள்? நான் பல ஆண்டுகள் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு, பிறகு பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். வார்த்தை முதலில் போய்விடும், படம் பின்னால் வரும். பின்வரிசைக்கு எதுவுமே தெரியாது. இப்போது வரிகளை முன்னிரவே மனப்பாடம் செய்துவிடுகிறேன். தரையில் பாய் விரித்து, அரை வட்டமாக உட்கார வைத்து, நான் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை முழங்கால் மேல் அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன். பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவேன். அந்த நிறுத்தத்தில்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள்.

மதியம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் வகுப்பறை இருட்டிவிடும். படப் புத்தகத்தைக் காலையிலேயே, ஜன்னல் பக்கம் வைத்து எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் படம் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். பத்துப் பேர் தலையை முட்டிக்கொண்டு ஒரு சின்னத் திரையைப் பார்ப்பதில் கதை போய்விடுகிறது. கூடுதல் கதை வேண்டுமானால் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்கலாம், மாற்றி எழுதலாம், பிள்ளைகளின் மொழியில் பெயர்க்கலாம், அதற்கு உரிமை கொடுத்தே வைத்திருக்கிறார்கள்.

---

கொழுந்து பறிப்பவள்

நான் டீச்சர் இல்லை. தோட்டத்தில் வேலை. மகன் நாலாவது படிக்கிறான்.

அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள் டீச்சர். கரடி அடித்த வீட்டில் ராத்திரி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் லைன் வீடுகளில் ஒருவரைக் கரடி அடித்தபோது ஆறு மாதம் பிள்ளைகள் இருட்டியதும் கழிப்பறைக்குத் தனியாகப் போகவில்லை. அவன் பெரியப்பாவே அவனிடம் கரடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், அது நீங்கள் நூறு தடவை சொல்வதற்குச் சமம்.

---

பழைய தலைமையாசிரியர் (குந்தா)

இந்தத் தாய் சொன்னதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கதையைப் பற்றிப் பேசும் வேகத்தில் வீட்டை மறந்துவிட்டேன்.

பந்தலூர் டீச்சருக்கு ஒன்று. நீங்கள் எடுத்த முடிவு தவறு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தச் சிறுமி கம்பிவேலி அருகே நின்றதை நீங்கள் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. ஆனால் அவளை வேலி வரை அழைத்துப் போனது கதையா, கதைக்குப் பின் நாம் பேசாமல் விட்டதா என்று யோசிக்கிறேன். கதை முடிந்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்டு, "நண்பர்களாக இருக்க வேண்டும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன், எத்தனையோ ஆண்டுகள். அந்த ஒற்றை வரிப் பதில் பிள்ளையின் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்புகிறது. நீதியைக் கேட்காமல், "உனக்கு எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது?" என்று கேட்டிருந்தால் அந்தச் சிறுமி ஏதாவது சொல்லியிருப்பாள்.

---

பந்தலூர் ஆசிரியை

ஐயா சொல்வதை நினைத்துப் பார்த்தேன். நான் அன்று நீதிதான் கேட்டேன். "யானை நம் நண்பன்" என்று கரும்பலகையில் எழுதியும் போட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

இருந்தாலும் காட்டோரப் பள்ளியில் முதல் வகுப்புக்கு இப்படிப்பட்ட புத்தகம் கூடாது என்பதில் மாற்றமில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கொடுக்கலாம். புத்தகத்துக் கரடி, காட்டுக் கரடி என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் முடிகிறது. காவலர் தம்பி சொன்ன மந்தி–புள்ளிமான் விஷயத்தை என் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் பொய் இல்லை.

---

தேயிலைமேடு டீச்சர் (கோத்தகிரி பக்கம்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். மழையில் மரம் விழுந்து மின்சாரம் இல்லை.

முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். பையனின் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இடது கன்னத்திலிருந்து காது வரை தழும்பு. புத்தகத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, "அன்றைக்கு அதனுடன் குட்டி இருந்தது. நான் பார்க்காமல் நடுவில் போய்விட்டேன்" என்றார். அவ்வளவுதான். பையன் தழும்பைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவனிடம் குட்டி இருந்ததைச் சொல்லவில்லை என்று அவன் அம்மா வாசலில் வைத்துச் சொன்னார்.

வகுப்பில் முதல் நாள் படம் மட்டும். முக்காலி இல்லை, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன். கரும்பலகையில் ஒரு காகத்துக்கு மூன்று பெயர்கள் எழுதினோம். நெஞ்சில் கோடு இல்லை என்று சொன்ன சிறுமியிடம், என்ன செய்யலாம் என்று கேட்டேன். வெள்ளைத் தாளில் வளைவு ஒன்றை வெட்டி, பசை தடவி, புத்தகத்துக் கரடியின் நெஞ்சில் ஒட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒட்ட வேண்டும் என்றாள். பதினோரு பக்கங்களில் கரடி வருகிறது. பதினோரு வளைவுகளையும் அவளே வெட்டினாள். இருளர் பையன் ஒருவன் நகம் போதாது என்று கறுப்புப் பென்சிலால் நீட்டிவிட்டான். புதுப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் நாள் எலியும் காகமும் வாசலில் பேசிக்கொண்ட கதையைச் சொன்னேன். ஐயா, "நமக்குள் நட்பு எப்படி?" என்று எலி கேட்கும் இடத்தில் அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள், கடைசிப் பக்கத்தை நீங்களே வரையுங்கள் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பெரும்பாலோர் குகைதான். ஒருத்தி மழை நின்றுவிட்டதாகவும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் வரைந்தாள். ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் கரடியின் முதுகில் குட்டிகளை ஏற்றினார்கள். பின்சுவரில் நின்ற பையன் தாளின் ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர் ஒன்றை வரைந்து, அதற்குள் இரண்டு காதுகளை மட்டும் வைத்திருக்கிறான். பூவுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறான். மீதித் தாள் வெறுமையாக இருக்கிறது. இன்னும் முடியவில்லை டீச்சர், நாளைக்கு வரைகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டான். மூன்று நாள் ஆகிறது. நான் கேட்கவில்லை.

எல்லாத் தாள்களையும் சேர்த்துப் புத்தகத்தின் பின்னால் தைக்கப் போகிறேன். அவன் தாளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

---

வேட்டைத்தடுப்புக் காவலர் (மசினகுடி)

டீச்சர், அடுத்த சனிக்கிழமை கோத்தகிரிக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன். பாரிஸ் சாந்தில் எடுத்த கரடிக் கால்தடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்னங்கால் தடம், பார்த்தால் மனிதன் பாதம் மாதிரியே இருக்கும். பிள்ளைகள் தங்கள் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அன்று பள்ளி இல்லையென்றால் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உடையாமல் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன்.